கோடிங் தெரிந்தவருக்கு எந்தப் புத்தகம்?

பத்து வருடமாக ஜாவாவில் ஆணி பிடுங்கும் ஒருவரிடம் மேனேஜர் வந்து, "அடுத்த புராஜெக்ட் கோ மொழியில்" என்று சொல்லிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம்மாள் என்ன செய்வார்? இருப்பதிலேயே குண்டாக இருக்கும் புத்தகம் ஒன்றை வாங்கி வருவார். குண்டாக இருந்தால் எல்லாம் உள்ளே இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. வீட்டுக்கு வந்து பிரித்தால் முதல் அத்தியாயத்தில் கணினி என்றால் என்ன. இரண்டாவதில் வேரியபிள் என்றால் என்ன. ஒரு டப்பாவில் பெயர் எழுதி ஒட்டிய படம் வேறு போட்டிருப்பார்கள். மூன்றாவதில் இஃப், நான்காவதில் ஃபார் லூப்.

கொட்டாவி வரும். வந்துவிட்டுப் போகட்டும். அதற்கப்புறம் நடப்பதுதான் வினை. "இதெல்லாம் தெரிந்ததுதானே" என்று பக்கங்களைத் தள்ள ஆரம்பிக்கிறார். தள்ளுகிற வேகத்தில், தெரிந்தது போலவே தோற்றமளிக்கும் தெரியாத விஷயமும் சேர்ந்து போய்விடுகிறது.

உதாரணத்துக்கு கோ மொழியின் ஸ்லைஸ். ("கோவில்" என்று எழுதினால் சாமி கும்பிடுகிற இடமாகிவிடும் என்பதால் "கோ மொழியில்" என்றே இருக்கட்டும் :-) ) மேலோட்டமாகப் பார்த்தால் ஜாவாவின் அரேலிஸ்ட் மாதிரிதான் தெரியும். ஆனால் ஸ்லைஸ் என்பது அடியில் இருக்கும் ஒரு அரேயைப் பார்க்கிற ஜன்னல். ஒரே அரேக்கு இரண்டு ஜன்னல்கள் இருக்கலாம். ஒன்றின் வழியாகக் கையை விட்டு எதையாவது மாற்றினால் இன்னொன்றிலும் அது மாறித் தெரியும். அப்பெண்ட் செய்யும்போது அடியில் இடம் மிச்சம் இருந்தால் அதே அரேயிலேயே எழுதும்; இடம் இல்லையென்றால் பெரிய அரே ஒன்றுக்குக் குடி போய்விடும். அதற்குப் பிறகு இரண்டு ஜன்னல்களும் வேறு வேறு அறைகளைப் பார்க்கும். எப்போது ஒரே அறை, எப்போது வேறு அறை என்பது மிச்ச இடத்தைப் பொறுத்தது.

இதைச் சொல்ல இரண்டு பக்கம் போதும். தொடக்கக்காரர்களுக்கான புத்தகத்தில் பட்டியல் என்றால் என்ன, முதல் உறுப்பின் எண் ஏன் பூஜ்யம் என்றெல்லாம் எட்டுப் பக்கம் போன பிறகு, ஒரு பத்தியில் இது வரும். நம்மாள் அதற்குள் அடுத்த அத்தியாயத்தில் இருப்பார். மூன்று மாதம் கழித்து ஒரு ராத்திரி, யாருமே தொடாத லிஸ்டில் எண்கள் எப்படி மாறுகின்றன என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வார். கம்பைலர் ஒன்றும் சொல்லாது. அதன் பார்வையில் எல்லாம் சரி.

எனவே அனுபவசாலி தொடக்கக்காரர் புத்தகத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதற்கு கௌரவம் காரணமில்லை. அந்தப் புத்தகம் அவரை மேய வைக்கிறது. மேய்கிறவர் கண்ணில் படாமல் போவது எதுவோ, அதற்காகத்தான் அவர் புத்தகமே வாங்கினார்.

அப்படியானால் தெரிந்தவருக்கான புத்தகம் எப்படி இருக்கும்? 1978-இல் பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய சி மொழிப் புத்தகம்தான் இதற்கு இன்றும் அளவுகோல். முதல் பதிப்பு 228 பக்கம். 1988-இல் வந்த இரண்டாம் பதிப்பு 272 பக்கம். அவ்வளவுதான். (சென்னை ரிச்சி தெருவுக்கும் இந்த ரிச்சிக்கும் சம்பந்தம் இல்லை. அங்கே கீபோர்டு கிடைக்கும்.) முன்னுரையிலேயே, இது புரோகிராமிங்கை அரிச்சுவடியிலிருந்து சொல்லித்தரும் புத்தகம் அல்ல, வேரியபிள், லூப், ஃபங்க்ஷன் போன்றவை கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள். புதியவரும் படிக்கலாம், பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் இருந்தால் நல்லது என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த முன்னுரையை யாரும் படிப்பதில்லை.

நம்மூர்க் கல்லூரிகளில் இந்தப் புத்தகத்துக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு: "ரொம்பக் கஷ்டம், ஒண்ணும் புரியாது". ஆயுளில் முதல் புரோகிராமை எழுதப் போகும் முதலாண்டு மாணவன் கையில் அதைக் கொடுத்தால் புரியாதுதான். அவனுக்கு யஷ்வந்த் கனேத்கரின் "லெட் அஸ் சி" இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பாலகுருசாமியின் புத்தகங்கள் இருக்கின்றன. அவை தம் வேலையை நன்றாகவே செய்கின்றன, மணியான உதாரணங்கள், தேர்வுக்குத் தோதான கேள்விகள். பாஸ்கலும் ஃபோர்ட்ரானும் ஏற்கெனவே தெரிந்த ஒருவருக்காக எழுதப்பட்டதை, ஒன்றுமே தெரியாதவன் கையில் கொடுத்துவிட்டுப் புத்தகத்தைத் திட்டுவதில் நியாயம் இல்லை. ஆளை மாற்றிக் கொடுத்ததால் வந்த வினை அது. அனுபவசாலி குண்டுப் புத்தகம் வாங்குவதும் இதே தவறுதான், திசை மட்டும் தலைகீழ்.

இவ்வளவுதான் விஷயம் என்றால் "ஒல்லிப் புத்தகம் வாங்குங்கள்" என்று சொல்லி முடித்துவிடலாம். நிறைய சீனியர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு மொழி நன்றாகத் தெரிந்தால் மற்றதெல்லாம் சின்டாக்ஸ்தான், ஒரு வார இறுதி போதும் என்பது அவர்களுடைய வாதம். இது பாதி உண்மை. மீதிப் பாதி சுத்த ஜல்லி.

பார்க்க வேண்டியது அனுபவம் எத்தனை வருடம் என்பதை அல்ல. தெரிந்த மொழிக்கும் கற்கப் போகும் மொழிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதைத்தான். மலையாளம் கற்கப் போகும் தமிழருக்கும் ஜப்பானிய மொழி கற்கப் போகும் தமிழருக்கும் ஒரே கனத்தில் புத்தகம் கொடுத்தால் எப்படி இருக்கும்?

ஜாவாவிலிருந்து கோட்லின் மொழிக்குப் போவது பாலக்காட்டுக்குப் போகிற மாதிரி. 2017-இல் வந்த "கோட்லின் இன் ஆக்ஷன்" புத்தகத்தின் முதல் பதிப்பு அனுபவமுள்ள ஜாவாக்காரரை முன்னால் உட்கார வைத்துக்கொண்டே எழுதப்பட்டது. ஜாவாவில் இப்படிச் செய்வீர்களே, இங்கே இப்படி, காரணம் இது. எழுதிய இருவரும் அந்த மொழியை உருவாக்கிய ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனத்தில் இருந்தவர்கள். ஜாவாக்காரருக்கு இதைவிடச் சொகுசு கிடையாது. அதே புத்தகம் பிஎச்பி மட்டும் தெரிந்தவர் கையில் கிடைத்தால் பாதி ஒப்பீடு வீண்.

சி தெரிந்தவர் ரஸ்ட் மொழிக்குப் போவது வேறு கதை. எழுத்தைப் பார்த்தால் பக்கத்து ஊர்: அதே அடைப்புக்குறி, அதே அரைப்புள்ளி. உள்ளே போனால் சட்டதிட்டமே வேறு. ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே ஒரு சொந்தக்காரர். கடன் கொடுக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் மாற்றும் உரிமையோடு ஒருவருக்குக் கொடுக்கலாம், அல்லது பார்க்க மட்டும் பலருக்குக் கொடுக்கலாம். இரண்டும் சேர்ந்து முடியாது. இருபது வருடம் பாய்ன்டரோடு குடும்பம் நடத்தியவர் ஆசையாக ஒரு இரட்டை இணைப்புப் பட்டியல் எழுதிப் பார்ப்பார். முன்னாலிருப்பதும் பின்னாலிருப்பதும் ஒரே கணுவைப் பிடித்துக்கொண்டிருந்தால் சொந்தக்காரர் யார்? கம்பைலர் ஒத்துக்கொள்ளாது. கல்லூரியில் அரை மணி நேரத்தில் எழுதியது, இங்கே அரை நாள் ஆகியும் நகராது. இருபது வருட அனுபவம் இந்த இடத்தில் கொஞ்சம் பாரமாகவே இருக்கிறது.

ஹாஸ்கல் இன்னும் தூரம். வேரியபிளின் மதிப்பை மாற்ற முடியாது, நாம் பழகிய ஃபார் லூப் கிடையாது. ஜாவாக்காரர் பத்து வருடத்தில் சேர்த்துவைத்த வித்தைகளில் பெரும்பகுதியை வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டும். இங்கே அவருக்குத் தேவைப்படுவது மெதுவாகப் போகிற, பயிற்சிகள் உள்ள பாடப்புத்தகம். கிரகாம் ஹட்டன் எழுதியது (2007, இரண்டாம் பதிப்பு 2016) அந்த வகை. அத்தியாயக் கடைசியில் பயிற்சி இருக்கும், உட்கார்ந்து போட வேண்டும். அனுபவசாலிகளில் எத்தனை பேர் போடுவார்கள்? டீம் லீட் என்று போர்டு மாட்டிய பிறகு, ஒரு பட்டியலின் நீளத்தைக் கணக்கிடும் ஃபங்க்ஷனைத் திரும்பவும் எழுதிப் பார்ப்பது மானப் பிரச்சினையாகிவிடுகிறது. அதனால் ஒல்லிப் புத்தகத்தை வாங்கி, நாலு நாளில் முடித்து, "அந்த மொழியெல்லாம் நிஜ வேலைக்கு ஒத்துவராது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். மொழியைப் பற்றிய தீர்ப்பு மாதிரி கேட்கும். அதில் பாதியாவது புத்தகத் தேர்வைப் பற்றிய தீர்ப்பு.

எந்த மொழியிலும் ஃபோர்ட்ரான் எழுதிவிடலாம் என்று புரோகிராமர்களிடையே பழைய கிண்டல் ஒன்று உண்டு. பைதான் கற்ற ஜாவாக்காரரின் கோடைப் பார்த்தால் கிண்டல் இல்லை என்று புரியும். எல்லாவற்றுக்கும் கிளாஸ். ஒவ்வொரு கிளாஸுக்கும் கெட்டர், செட்டர். பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுக்க, நீளத்தைக் கண்டுபிடித்து, பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொண்டு போகும் லூப். ஓடுமா? ஓடும். அந்த மொழியில் அதே வேலையை இரண்டு வரியில் செய்திருக்கலாம் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் அவருடைய புரோகிராம் ஒருநாளும் தப்பாக ஓடவில்லை. அடுத்து அதைப் பராமரிக்க வருகிறவர்தான் அழுவார். புது மொழியின் சட்டையைப் போட்டுக்கொண்டு பழைய மொழி நடமாடுவதை ஒரு புத்தகம் தடுக்கவில்லை என்றால், சின்டாக்ஸ் அட்டவணை ஒன்றை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தாலே போதுமே.

இதற்கென்றே இன்னொரு ரகப் புத்தகம் இருக்கிறது. ஜோஷுவா பிளாக் எழுதிய "எஃபெக்டிவ் ஜாவா" அந்த ரகத்தின் ராஜா. 2001-இல் 57 அறிவுரைகளோடு வந்தது. 2018-இல் வந்த மூன்றாம் பதிப்பில் 90. பைதானுக்கு லூசியானோ ரமாலோவின் "ஃப்ளூயன்ட் பைதான்" (2015, இரண்டாம் பதிப்பு 2022). அற்புதமான புத்தகங்கள். ஆனால் இவற்றை முதல் புத்தகமாக வாங்கக் கூடாது. பந்தியில் உட்கார்ந்த உடனே பாயசம் கேட்கிற மாதிரி ஆகிவிடும். ஒரு மொழியில் குறைந்தது ஒரு மாதமாவது அடிபட்டிருந்தால்தான், "அட, இதனால்தான் அன்றைக்கு அப்படி ஆச்சா" என்று தோன்றும். அடிபடாமல் படித்தால் 90 அறிவுரைகளும் 90 பொன்மொழிகளாகிவிடும், தலையாட்டிவிட்டு மறந்துவிடலாம். ஒல்லியாக ஒன்றும் இந்த ரகத்தில் ஒன்றும் ஒரே நாளில் ஆர்டர் செய்கிறவர்கள் உண்டு. இரண்டாவதை இரண்டு மாதம் கழித்து வாங்கினால் பணமும் மிச்சம், அதற்குள் புதுப் பதிப்பு வந்தாலும் வந்திருக்கும்.

பதிப்பு என்றதும் தேய்மானத்துக்கு வர வேண்டும். கணக்குப் பதிவியலில் கட்டடத்துக்குத் தேய்மானம் போடுவார்கள், இயந்திரத்துக்குப் போடுவார்கள், கம்ப்யூட்டருக்கு ஏகத்துக்கும் போடுவார்கள். நிலத்துக்குக் கிடையாது. கணினிப் புத்தகங்களிலும் நில வகை இருக்கிறது, கம்ப்யூட்டர் வகை இருக்கிறது. கெர்னிகன்-ரிச்சி கிட்டத்தட்ட நிலம். சி மொழிக்குப் பிறகு எத்தனையோ தர நிர்ணயங்கள் வந்துவிட்டன, ஆனாலும் 1988 பதிப்பின் பாய்ன்டர் அத்தியாயத்தை இன்றைக்குப் படித்தாலும் செல்லும். ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழிப் புத்தகங்கள் இன்னொரு கோடி. 2014-இல் மொழி வந்தது. 2016-இல் வந்த மூன்றாம் பதிப்பில் சி பாணி ஃபார் லூப்பையும் பிளஸ் பிளஸ் குறியையும் தூக்கிவிட்டார்கள். முந்தைய வருடம் காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தின் உதாரணங்கள் பல அப்படியே கம்பைல் ஆகாது. பைதானில் 2008-இல் மூன்று வந்த பிறகும் இரண்டை வைத்துப் புத்தகங்கள் வந்துகொண்டே இருந்தன. பைதான் இரண்டுக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய புத்தகக் கடையில் அவை இன்னமும் பளபளவென்று உட்கார்ந்திருக்கின்றன.

இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவில் இருக்கும் சங்கடமான கேஸ், "தி கோ புரோகிராமிங் லாங்குவேஜ்". 2015-இல் ஆலன் டோனவனும் அதே கெர்னிகனும் எழுதியது. சி புத்தகம் எழுதி 37 வருடம் கழித்து மனிதர் இன்னொரு மொழிக்கும் அதே மாதிரி எழுத உட்கார்ந்திருக்கிறார்! நானூறு பக்கத்தை ஒட்டிய புத்தகம், வேறு மொழி தெரிந்தவரை மனதில் வைத்து எழுதியது, ஸ்லைஸ் பற்றிய விளக்கம் படத்தோடு பிரமாதமாக இருக்கும். ஆனால் மொழி அதற்குப் பிறகு நகர்ந்துவிட்டது. ஜெனரிக்ஸ் 2022-இல்தான் வந்தது, புத்தகத்தில் அது இல்லை. பேக்கேஜ்களை ஒழுங்கு செய்யும் முறை மாட்யூல்கள் வந்த பிறகு மாறிவிட்டது, ஆகவே பத்தாம் அத்தியாயத்தின் பகுதிகளை அப்படியே பின்பற்ற முடியாது. ஐந்தாம் அத்தியாயத்தில் லூப் வேரியபிளை உள்ளே இருக்கும் ஃபங்க்ஷன் பிடித்துக்கொள்வதால் வரும் ஆபத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை இருக்கும். பல பேரைக் காப்பாற்றிய எச்சரிக்கை அது. 2024 பிப்ரவரியில் வந்த 1.22 பதிப்பு, ஒவ்வொரு சுற்றுக்கும் புது வேரியபிள் என்று மொழியையே மாற்றிவிட்டது. புத்தகம் சொன்ன பள்ளத்தை மூடிவிட்டார்கள், பழைய கோடில் மட்டும் பள்ளம் அப்படியே இருக்கிறது.

இதற்காக அந்தப் புத்தகத்தை ஒதுக்க வேண்டுமா? வேண்டாம். எர்ரரை எக்ஸெப்ஷனாக எறியாமல் சாதாரண மதிப்பாகத் திருப்பித் தருவது ஏன், இன்டர்ஃபேஸ் ஏன் சின்னதாக இருக்க வேண்டும், அதை ஏன் எங்கும் "இம்ப்ளிமென்ட்ஸ்" என்று அறிவிக்காமலே நிறைவேற்றலாம், கோரூட்டினும் சேனலும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன... ஜாவாக்காரருக்கு வலிக்கிற இடங்களெல்லாம் இவைதான், இவை ஐந்து, ஏழு, எட்டாம் அத்தியாயங்களில் இருக்கின்றன, தேயவில்லை. பக்கத்தில் 1.18, 1.22 ஆகிய இரண்டு பதிப்புகளின் வெளியீட்டுக் குறிப்புகளை வைத்துக்கொண்டால் போதும். அவை இலவசம். மொழி ஏன் இப்படி இருக்கிறது என்று சொல்லும் பக்கங்கள் மெதுவாகத் தேய்கின்றன. எந்தக் கட்டளையை எப்படி அடிப்பது என்று சொல்லும் பக்கங்கள் வேகமாகத் தேய்கின்றன. ஒரு புத்தகத்தில் எது அதிகம் என்று பார்த்தால் அது எவ்வளவு காலம் தாங்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஒல்லியாக இருப்பதாலேயே நல்லதாகிவிடாது என்பதற்கு டக்ளஸ் கிராக்ஃபோர்டின் "ஜாவாஸ்கிரிப்ட்: தி குட் பார்ட்ஸ்" சாட்சி. 2008-இல் வந்தபோது அது செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல. பிரெண்டன் ஐக் 1995-இல் பத்தே நாளில் முதல் வடிவத்தைச் செய்து முடித்த மொழி அது. நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கும். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தைரியமாகப் பிரித்துச் சொன்ன புத்தகம். ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய "டெஃபினிடிவ் கைடு" பக்கத்தில் இதை வைத்து எடுத்த படம் இணையத்தில் சுற்றாத இடம் இல்லை. ஆனால் 2015-இல் அந்த மொழி ஒரு பெரிய மாற்றத்தைப் பார்த்தது. லெட், கான்ஸ்ட், அம்புக்குறி ஃபங்க்ஷன், கிளாஸ், மாட்யூல் எல்லாம் வந்துவிட்டன. கிராக்ஃபோர்டு சுற்றி வளைத்துச் செய்யச் சொன்ன பலவற்றை மொழியே நேராகச் செய்கிறது. இன்றைக்கு முதல் புத்தகமாக அதை வாங்குகிறவர், ஊரில் மேம்பாலம் கட்டிய பிறகும் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு சந்துக்குள் வண்டி ஓட்டுகிறார். "எங்க சீனியர் சொன்னார்" என்பார். சீனியர் எந்த வருடம் படித்தார் என்று கேட்க வேண்டும்.

மொழியை உருவாக்கியவரே எழுதினால் சிறப்பு என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. பெரும்பாலும் சரி. ஏன் இப்படி வைத்தோம் என்று அவருக்குத்தான் தெரியும். சி பிளஸ் பிளஸ் உருவாக்கிய ஸ்ட்ரௌஸ்ட்ரப்பின் பெரிய புத்தகம் (நான்காம் பதிப்பு, 2013) 1,300 பக்கத்துக்கு மேல். அதையே தெரிந்தவர்களுக்காகச் சுருக்கி "எ டூர் ஆஃப் சி பிளஸ் பிளஸ்" என்று தனியாகத் தந்தார், 2022-இல் மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டது. அனுபவசாலிக்கு அந்தச் சின்னதுதான் வழி. ஆனால் தன் குழந்தைக்கு மாறுகண் என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள். மொழியின் கோணல்களைத் தெரிந்துகொள்ள வெளியாள் ஒருவர் எழுதியதையும் பார்ப்பது நல்லது.

விலை. இதைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். கடைசியாகக் கேட்க வேண்டியது. வேலைக்குப் போகும் ஒருவருக்கு வாரத்தில் படிக்கக் கிடைப்பது நாலைந்து மணி நேரம். மார்க் லூட்ஸின் "லேர்னிங் பைதான்" ஐந்தாம் பதிப்பு 1,500 பக்கத்துக்கு மேல். மணிக்கு இருபது பக்கம் என்று வைத்தால் 75 மணி நேரம். அதாவது நாலு மாதம். அந்த நாலு மாதத்தில் எழுதியிருக்கக்கூடிய கோடுதான் அந்தப் புத்தகத்தின் உண்மையான விலை. காமர்ஸ் பாடத்தில் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர், பில்லில் வராது. மூழ்கிய செலவு என்று இன்னொன்றும் உண்டு. "இவ்வளவு காசு கொடுத்து வாங்கியாச்சே" என்பதற்காகவே மொக்கைப் புத்தகத்தைக் கடைசி வரை கட்டி அழுவது. படித்தாலும் படிக்காவிட்டாலும் அந்தக் காசு திரும்பி வராது. மாலை நேரங்களையாவது காப்பாற்றலாம். இந்தியாவில் மட்டும் விற்கும் மலிவுப் பதிப்புகள் பெரிய வரம்தான், ஆனால் உள்ளே எத்தனையாம் பதிப்பு என்று பார்க்காமல் வாங்கினால், வெளியில் மூன்றாம் பதிப்பு வந்த பிறகும் இரண்டாம் பதிப்பை வீட்டுக்குத் தூக்கி வர நேரும்.

காசே வேண்டாத நல்ல புத்தகமும் இருக்கிறது. ஸ்டீவ் கிளாப்னிக், கரோல் நிக்கோல்ஸ் எழுதிய ரஸ்ட் புத்தகம் இணையத்தில் முழுவதும் இலவசம், அச்சிலும் கிடைக்கிறது. வேறு ஏதோ ஒரு மொழியில் எழுதியிருப்பீர்கள், எந்த மொழி என்று கேட்கமாட்டோம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். நான்காம் அத்தியாயம் முழுக்க அந்தச் சொந்தக்காரர் விவகாரம்தான். அதைப் படித்துவிட்டு, மீதியை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

"இதெல்லாம் எதற்கு, ஏஐயிடம் கேட்டால் சொல்லிவிடாதா?" என்ற கேள்வி வரும். சொல்லும். ஜாவாவில் இருப்பதை கோ மொழிக்கு மாற்றித் தா என்றால் நிமிடத்தில் மாற்றித் தரும். கேட்ட கேள்விக்குப் பதில் தருவதில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் ஸ்லைஸ் ஜன்னல் மாதிரி என்று தெரியாதவருக்கு, ஸ்லைஸைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றே தோன்றாது. அரேலிஸ்ட் என்று நினைத்துக்கொண்டு அரேலிஸ்டுக்கான கேள்வியைக் கேட்பார், அதற்கான பதில் வரும், அதுவும் ஓடும். நல்ல புத்தகம் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவைக்கிறது, வரிசையாக, ஒருவர் முன்யோசனையோடு அடுக்கிய முறையில். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்தேகத்தை மட்டும் ஏஐயிடம் கேட்பவருக்கு இரண்டும் லாபம்.

சரி, முன்பின் தெரியாத மொழியில் எந்தப் புத்தகம் நல்லது என்று வாங்குவதற்கு முன்னால் எப்படிக் கண்டுபிடிப்பது? விமர்சனங்களை நம்புவது கஷ்டம். முதல் மூன்று அத்தியாயம் படித்துவிட்டு ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களே அதிகம். ஒரு வழி இருக்கிறது. அந்த மொழியில் ஒரு வருடமாவது வேலை செய்த யாரையாவது பிடித்து, எந்தப் புத்தகம் நல்லது என்று கேட்காமல், முதல் மாதம் எதில் அடிபட்டாய் என்று கேட்க வேண்டும். எல்லோரும் ஆசையாகச் சொல்வார்கள். பைதான்காரர், ஃபங்க்ஷனின் இயல்பு மதிப்பாகக் காலிப் பட்டியலை வைத்தேன், ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் பழைய சரக்கும் சேர்ந்தே வந்தது என்பார். ஜாவாஸ்கிரிப்ட்காரர் "திஸ்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். ரஸ்ட்காரர், ஒரு ஸ்ட்ரிங்குக்கு எதற்கய்யா இரண்டு வகை என்பார். அப்படி நாலு விஷயத்தைக் குறித்துக்கொண்டு, கடையிலோ ஆன்லைன் மாதிரிப் பக்கங்களிலோ புத்தகத்தின் கடைசியில் இருக்கும் இன்டெக்ஸில் அவற்றைத் தேட வேண்டும். நாலில் மூன்றாவது இருந்து, அந்தப் பக்கங்களில் இப்படி நடக்கும் என்பதோடு நிறுத்தாமல் ஏன் நடக்கிறது என்றும் எழுதியிருந்தால் வாங்கலாம். இன்டெக்ஸே இல்லாமலும் புத்தகம் போடுகிறார்கள். அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம்.